கடுதாசி எந்தத் தலைப்பின் கீழ் வரும்?

1

பேர்கன் நகருக்கு நான் வந்து இந்த மாதத்துடன் இருபத்திரண்டு வருடங்கள். நோர்வேயில் மழைக்குப் பெயர்போன ஊர் இது. சுற்றிலும் மலைகள். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்மலை இருக்காது. ஒன்பது பத்து மணிபோல முதலில் ஒரு மரம், பிறகு ஒரு சிவப்புக் கூரை, பிறகு மலையேறும் ஒரு பஸ் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில் அரைத் தூக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது, நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று சில நொடிகளுக்கு எனக்குத் தெரிவதில்லை. இலங்கையில், டிக்கோயாவுக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலும் மலை இப்படித்தான் இல்லாமல் போய், இப்படித்தான் திரும்பி வரும். அங்கே முதலில் தெரிவது பக்டரியின் தகரக் கூரை. இங்கே முதலில் தெரிவது ஊசியிலை மரம். வித்தியாசம் அவ்வளவுதான் என்று தோன்றும். பிறகு கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்கும், விழித்துக்கொள்வேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது என் கணவர் கதவருகே வந்து நின்றார்.

"இண்டைக்கும் கூட்டமோ உமக்கு?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். இருபது வருடம் என்னோடு வாழ்ந்தும் அவருடைய தமிழ் மாறவில்லை, என்னுடையதும் மாறவில்லை.

"இன்னைக்கு ஒரு வருசம் முடியுதுங்க. எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கப் போறோம்" என்றேன்.

ஒரு வருடம் முடிந்தது எங்களுடைய இணையத்தளத்துக்கு. அதன் பெயர் மடுவம். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கூடையோடு வரிசையில் நிற்கும் பெண்கள் ஊர் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அங்கேதான் பேசுவார்கள். அதுபோல மலையகத்து ஆட்கள் எங்கே இருந்தாலும் வந்து பேசட்டும் என்று மூன்று பேராக அதைத் தொடங்கினோம். மூவரும் ஹட்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். முனீஸ் டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். நஸ்ரின் அவர்களுடைய குடும்பத்துப் புடவைக் கடைக்கு மேல்மாடியில் சிங்கள வகுப்பு நடத்துகிறாள். மூன்றாவது ஆள் நான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிகளைத் தரம் பிரிக்கிறேன். படுக்கை விரிப்பு ஒரு சாக்கில், சத்திரசிகிச்சை அங்கி இன்னொன்றில், தொற்று உள்ளவை தனியே. கண்ணை மூடிக்கொண்டும் பிரிப்பேன்.

அதனால்தானோ என்னவோ, தளத்தில் குவிந்து கிடந்ததைப் பிரிக்கும் வேலையும் என்னிடம் வந்தது.

2

குவிந்து கிடந்தது முக்கியமாக அரசியல் பகுதி. ஒரு வருடமாக யார் எதை எழுதினாலும் அதில்தான் விழுந்தது. ஆனால் அந்தப் பகுதிக்கு மட்டும்தான் ஒரு பலன் இருந்தது. அதில் வருபவை முதற்பக்கத்தில் தெரியும். வாரம் ஒருமுறை முனீஸ் அவற்றைச் சுருக்கி அச்செடுத்து, உள்ளூர் நிருபர்களிடமும் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் கொடுப்பான். சிலவேளை வேலை நடக்கும். ஒரு பாலம் அப்படித்தான் திருத்தப்பட்டது.

நான் பேர்கனில் உட்கார்ந்து எட்டுத் தலைப்புகளைத் தயாரித்திருந்தேன். குடியுரிமை, காணி, சம்பளம், மொழி, தேர்தல், தொழிற்சங்கம், கல்வி, சுகாதாரம். படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டம் மாதிரி இருந்தது.

இங்கே காலை பத்து மணி என்றால் ஹட்டனில் பிற்பகல் இரண்டரை. திரையில் முனீஸும் நஸ்ரினும் தெரிந்தார்கள். முனீஸுக்குப் பின்னால் பஸ் ஹோன் சத்தம்.

"சரோஜா, ஒரு சந்தேகம்" என்றான் முனீஸ். "எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அது எதுல வரும்? சுகாதாரமா, காணியா?"

"சுகாதாரம்."

"அவரு சொல்றது, கக்கூஸ் கட்ட எடம் கேட்டா குடுக்க மாட்டேங்குறாங்கன்னு."

"அப்ப காணி."

"தேர்தலுக்கு முன்னாடி கட்டித் தர்றேன்னு சொன்னாங்களாம்."

நஸ்ரின் சிரித்துவிட்டாள். "அடியே, நீ கக்கூஸுக்கே ஒரு தலைப்பு போட்டுரு. எல்லாரும் அங்கதான் வருவாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் அரசியல் என்று வைத்தால் யாரும் எதையும் படிக்க மாட்டார்கள், ஒரு வரம்பு வேண்டும் என்றேன். எட்டில் எதிலும் சேராததை எல்லாம் போட 'அன்றாடம்' என்று ஒரு பகுதியை உள்ளே திறக்கலாம் என்றேன். மாடு தொலைந்தது, ரோட்டில் தண்ணீர் நின்றது, யாரோ யாரையோ திட்டியது எல்லாம் அதில். அது முதற்பக்கத்தில் வராது. முனீஸின் அச்செடுத்த தாளிலும் வராது.

"யாரு பிரிக்கிறது?" என்று கேட்டாள் நஸ்ரின்.

"நான்தான்" என்றேன்.

அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையிலும் போனை எடுத்து ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் போட்டேன். ஒரு குறிப்பைப் படிக்க எனக்கு அரை நிமிடம் போதும். மழை வழியும் பஸ் கண்ணாடிக்கு வெளியே கடல் போகும், உள்ளே, என் போனில், எங்கள் ஊர்ப் பக்கத்து நோர்வூட்டும் நல்லதண்ணியும் போகும். கடைக்காரர் ஒருவர் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணியில் கடை போட விடுவதில்லை என்று எழுதியிருந்தார். மொழிப் பிரச்சினை என்று அதைப் போட்டேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று இப்போது நினைவில்லை. அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தது என்று அவர் எங்கோ ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

3

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதத்தில் பதிவு அலுவலகத்தில் ஒரு பெண் என்னிடம் பிறந்த இடத்தின் முகவரி கேட்டாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். வீதி எது என்றாள். வீதி இல்லை என்றேன். வீட்டு இலக்கம்? லயத்துக்கு நம்பர் உண்டு, எங்கள் காம்பராவுக்கும் சுண்ணாம்பில் எழுதிய ஒரு நம்பர் உண்டு, அது கடிதத்தில் எழுதுகிற நம்பர் அல்ல. வரிசையாகப் பத்து அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம் என்று விளக்கினேன்.

"அது விடுதியா?" என்று கேட்டாள்.

"இல்லை, வீடு."

"யாருடைய வீடு?"

தோட்டத்து வீடு என்றேன். அவள் நல்லவள். பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். எழுந்தபோது நன்றி சொன்னேன். இந்த மொழியில் நன்றிக்கு 'தக்' என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் நீட்டி 'தாக்' என்றால் கூரை. நான் நீட்டிவிட்டேன். அவள் மேலே கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒழுகாத, வெள்ளையான, நல்ல கூரை.

என் மகள் மீராவுக்குப் பதினேழு வயது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், அப்பாவின் தமிழும் என் தமிழும் கலந்து. வாசிக்க வராது. எங்கள் தளத்தைப் போனில் உள்ள மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிப்பாள். ஒருநாள் குழம்பிப்போய் வந்தாள்.

"அம்மா, இவை எல்லாரும் ஏன் தாளத்துக்குள்ள இருக்கினம்? 'நாங்கள் பத்தாம் நம்பர் தாளத்தில் வாழ்கிறோம், தாளம் ஒழுகுகிறது' எண்டு கிடக்கு."

எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது புரிய. லயம். இசையில் வரும் லயம் என்று கருவி எடுத்துக்கொண்டிருந்தது. நான் வரைந்து காட்டினேன். நீளமான ஒரு கூரை, அதன் கீழே பத்துக் கதவுகள். அவள் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் கதவு?" என்று கேட்டாள். ஏழாவது கதவைத் தொட்டேன். அவள் அதன்மேல் ஒரு சின்ன ஜன்னலை வரைந்தாள். எங்களுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கவில்லை. நான் அழிக்கச் சொல்லவில்லை.

4

அந்தக் குறிப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் அதைச் சலவைக்கூட வாசலில் நின்று வாசித்தேன்.

எழுதியவர் பேச்சியம்மா, திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவர் சொல்லச் சொல்ல மகள் அடித்திருந்தாள் என்பது படித்தாலே தெரிந்தது.

"எம் மகளுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இன்டர்வியூ கடுதாசி வந்துச்சுங்க. ஆனா வீட்டுக்கு வரல. தோட்டத்து ஆபீஸுக்கு வந்து அங்கயே இருந்துச்சு. கைக்குக் கெடைக்கும்போது இன்டர்வியூ முடிஞ்சு நாலு நாளு. என் மக சோறு திங்காம படுத்துக்கெடக்கா. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ளாற மேன்முறையீடு குடுக்கலாமுன்னு ஒருத்தர் சொன்னாரு. எப்புடி எழுதுறது, எங்க குடுக்குறது, சிங்களத்துல எழுதணுமா, ஒண்ணும் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

பாவம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பிறகு தலைப்பைத் தேடினேன். கல்வியா? பாடசாலை விஷயம் அல்ல. சுகாதாரமா? நர்ஸ் என்பதற்காகவா? மொழி? இல்லை. ஒரு கடிதம் பிந்தி வந்திருக்கிறது, ஒரு குடும்பத்துக்கு வருத்தம். இது அரசியல் இல்லை. 'அன்றாடம்' பகுதிக்கு இழுத்துவிட்டேன். மணி அடித்தது. உள்ளே போய் விரிப்புகளைப் பிரித்தேன்.

அடுத்த புதன்கிழமை காலை. வெளியே எதிர்மலை இன்னும் திரும்பி வரவில்லை. மீரா பாணில் சீஸ் வைத்துத் தின்றுகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மனுசிக்கு ஏன் ஒருத்தரும் பதில் எழுதேல்லை?"

"எந்த மனுசி?"

"கடிதம் பிந்தி வந்தது எண்டு சொன்னவ. ஆறு நாளாச்சு. மூண்டு பேர்தான் பாத்திருக்கினம். அதிலை ஒண்டு நான்." அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். "வெள்ளிக்கிழமை எண்டா நாளையிண்டைக்கு, இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு."

என் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு அதைக் குளியலறை விளிம்பில் கண்டெடுத்தேன். நான் எதற்குக் குளியலறைக்குப் போனேன்? முகத்தைக் கழுவியிருக்க வேண்டும்.

"அதை அங்கை கொண்டுபோய்ப் போட்டது ஆர்?" என்று மீரா கேட்டாள்.

"நான்தான்."

அவள் பாதிப் பாணைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

5

இதை இதுவரை நான் யாருக்கும் எழுதியதில்லை.

என் அப்பா எங்கள் தோட்டத்துத் தபால்காரர். அரசாங்கத் தபால்காரர் அல்ல. தோட்டத்து ஆபீஸிலிருந்து டிக்கோயா தபால் கந்தோருக்குத் தினமும் நடந்துபோய், பூட்டிய தோல் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடப்பார். சாவி ஒன்று கந்தோரில், மற்றது ஆபீஸில். அவரிடம் சாவி இல்லை. எழுத்தும் தெரியாது, எண் மட்டும் தெரியும். வரும் வழியில் எங்கள் லயம். பையில் இருக்கும் கடிதங்களில் பாதி அந்த லயத்து ஆட்களுக்கு. ஆனாலும் அவர் எங்கள் வாசலைத் தாண்டி மேலே ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே பை திறக்கப்படும். தோட்டத்தை நடத்தும் தொரைக்கு வந்தவை தொரைக்குப் போகும். எங்களுக்கு வந்தவை ஜன்னலோரத்தில் கிடக்கும். யாருக்காவது ஞாபகம் வந்தால் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

என் அண்ணன் நன்றாகப் படித்தவன். ரயில்வேயில் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. கைக்குக் கிடைத்தபோது நாள் தாண்டிவிட்டது. கவரைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் டிக்கோயா கந்தோரின் முத்திரை, அது வந்து சேர்ந்த தேதியோடு. பதினெட்டு நாள் முன்பு. அந்த நாளில் அப்பா மழையில் நனைந்து வந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவர் தோளில் இருந்த பைக்குள்ளே அது எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது.

அப்பா முத்திரையில் இருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே போனார். அண்ணன் அடுத்த மாதம் தோட்டத்தில் பெயர் பதிந்தான். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல் கிடையாது. முப்பது வருடங்கள். அப்பாவும் அண்ணனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இன்றைக்கும். அண்ணன் இப்போது ஹட்டனில் வேன் ஓட்டுகிறான். மழை, அரிசி, மருந்து எல்லாம் பேசுவார்கள். அது மட்டும் இல்லை.

அது எங்கள் வீட்டுத் துக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். நெஞ்சுக்குள் மடித்து வைத்த ஒன்று. அதனால்தான் பேச்சியம்மா எழுதியதைப் படித்தபோது அதை அரசியல் என்று என் கண் கண்டுபிடிக்கவில்லை. எட்டுத் தலைப்புகளையும் நான் புத்தகங்களிலிருந்து எடுத்திருந்தேன். எங்கள் வாசலிலிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

6

வேலைக்குப் போகவில்லை என்று அறிவித்துவிட்டு முனீஸைக் கூப்பிட்டேன். ஹட்டனில் அப்போது பகல் பதினொன்றரை. நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தத் தோட்டத்துல எனக்கு ரெண்டு மூணு கஸ்டமர் இருக்காங்க. விசாரிக்கிறேன்" என்றான். கடையைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் ஆட்டோவில் போய்ச் சேர்ந்து மறுபடி கூப்பிட ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் ஜன்னலருகே நின்றேன். மலை வந்தது, போனது, வந்தது.

திரையில் பேச்சியம்மா தெரிந்தார். கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. என்னைவிட ஐந்தாறு வயது இளையவராக இருக்கலாம்.

"நான்தாங்க ஒங்க கடுதாசிய வேற எடத்துல கொண்டுபோய்ப் போட்டவ" என்றேன். "என்னைய மன்னிச்சிருங்க."

அவர் புரியாமல் முனீஸைப் பார்த்தார். அவன் விளக்கினான். முதற்பக்கத்தில் ஒரு பகுதி, உள்ளே ஒரு பகுதி, உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப இதுவும் ஆபீஸு மாதிரிதாங்களா அக்கா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"சரிங்க, அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். இப்ப என்ன எழுதணும்னு சொல்லுங்க. கௌசல்யா, பேனாவ எடு" என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

மகள் வந்தாள். அழுது வீங்கிய முகம். கையில் அந்தக் கவர். நான் முதலில் கேட்டது பின்பக்கத்தைத்தான். திருப்பிக் காட்டினாள். முத்திரை இருந்தது. கொஞ்சம் கலங்கலாக, ஆனால் தேதி படிக்க முடிந்தது. நேர்முகத் தேர்வுக்கு ஏழு நாள் முன்பே ஊருக்கு வந்துவிட்ட கடிதம்.

அன்று மாலைக்குள் நஸ்ரின் சிங்களத்தில் மேன்முறையீட்டை எழுதி முடித்தாள். ஒன்றரைப் பக்கம். எனக்கு வாசித்துக் காட்டியபோது நான் ஒரு வசனம் சேர்க்கச் சொன்னேன்: விண்ணப்பதாரி தாமதிக்கவில்லை, கடிதம்தான் தாமதிக்கப்பட்டது. நஸ்ரின் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் பேச்சியம்மா, கௌசல்யா, நஸ்ரின் மூவரும் கண்டியில் உள்ள நர்ஸ் பயிற்சி அலுவலகத்துக்குப் போனார்கள். பிற்பகலில் நஸ்ரின் கூப்பிட்டாள். நான் துணிச்சாக்குகளுக்கு நடுவே நின்று கேட்டேன்.

"மொத கவுண்டர்ல வாங்கவே மாட்டேன்னுட்டாரு டீ. பட்டியல் முடிஞ்சுபோச்சாம். நான் சிங்களத்துல பேசிப் பாத்தேன், தலையே நிமுத்தல. அப்ப பேச்சியம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? அந்தக் கவர எடுத்து, முத்திரை தெரியுற மாதிரி, அவரு எழுதிக்கிட்டிருந்த புத்தகத்து மேலயே வச்சுட்டாங்க. ஒண்ணும் பேசல. அப்புடியே நின்னாங்க."

"அப்பறம்?"

"அவரு உள்ள போய் ஒரு மேடத்தக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அந்த மேடம் முத்திரைய ரெண்டு தடவ பாத்தாங்க. 'மேக கொஹெத திபுனே?'ன்னு கேட்டாங்க, இது எங்க கெடந்துச்சுன்னு. தோட்டத்து ஆபீஸ்லன்னு சொன்னேன். சீல் அடிச்சு வாங்கிக்கிட்டாங்க."

"கெடைக்குமா?"

"அதெல்லாம் தெரியாது. வாங்கிக்கிட்டாங்க."

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாங்கள் பேச்சியம்மாவையும் அழைத்தோம். 'அன்றாடம்' பகுதியில் நான் போட்டுவைத்த எல்லாவற்றையும் நான்கு பேரும் பங்கு போட்டுப் படித்தோம். எனக்குக் கிடைத்த பங்கை நான் இந்த முறை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். வழக்குத் தவணைக் கடிதம் பிந்தியதால் பிடியாணை வந்த ஒருவர். பரீட்சை அனுமதி அட்டை பரீட்சைக்குப் பிறகு கிடைத்த ஒரு பையன். வெளிநாட்டில் வேலை செய்த மனைவி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே நாளில் கைக்கு வந்த ஒரு கணவர். அவை எல்லாம் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்தவை. ஒவ்வொருவரும் தன் ஒருவருக்கு மட்டும் நடந்தது என்று நினைத்து எழுதியிருந்தார்கள்.

"இதுக்கு ஒரு தலைப்பு வேணும்" என்றேன். "'தொடர்பாடல் உரிமை'ன்னு போடலாமா?"

பேச்சியம்மா சிரித்தார். "அது யாருக்குங்க வெளங்கும்? கடுதாசின்னு போடுங்க."

"அரசியல் பகுதில கடுதாசின்னு ஒரு தலைப்பா?" என்றான் முனீஸ்.

"ஏன்? கடுதாசிய மறிச்சு வைக்க ஆபீஸு இருக்குல்ல. அதக் கேக்குறதுக்கு ஒரு எடம் இருக்கட்டுமே."

அப்படியே போட்டோம். அதற்குப் பிறகு பிரிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். எழுதுகிறவர்களே தங்கள் குறிப்பு எங்கே சேரும் என்று சொல்கிறார்கள். சந்தேகம் வந்தால் நால்வரும் பேசிக்கொள்கிறோம். அந்த வாரம் முனீஸ் அச்செடுத்த தாளில் கடுதாசிதான் முதலில் இருந்தது. பேச்சியம்மாவின் தோட்டத்துப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கே போனார்கள். தபால் அதிபர் லயத்துக்குத் தபால்காரரை அனுப்ப முடியாது என்றார், ஆனால் அவர்கள் எழுத்தில் கொடுத்தால் ஆபீஸுக்கு அனுப்பாமல் கந்தோரிலேயே அவர்கள் கையில் கொடுக்கலாம் என்றார். இப்போது வாரம் இரண்டு நாள் முறைவைத்து ஒரு பெண் போய் வாங்கிவருகிறாள். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். கந்தோர் தூரம், மழையில் நடக்க வேண்டும்.

கௌசல்யாவுக்குப் புதிய நாள் கொடுத்தார்கள். போனாள். எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் பயிற்சி தொடங்குகிறது.

இந்தச் செய்தி தளத்தில் வந்த மறுநாள் அண்ணன் என்னைப் போனில் கூப்பிட்டான். அவன் மடுவத்தைப் படிப்பான் என்பதே எனக்குத் தெரியாது.

"கடுதாசி பகுதி முழுக்கப் படிச்சேன்" என்றான். "அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுனேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நேத்து மத்தியானம். மொதல்ல அந்த நர்ஸ் புள்ள கதைய வாசிச்சேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'அந்தப் புள்ள போயிருச்சா?'ன்னு கேட்டாரு. போயிருச்சுப்பா, எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். இன்னொண்ணு வாசின்னாரு. வாசிச்சேன். இன்னொண்ணுன்னாரு. இத்தன தோட்டத்துலயாடான்னு கேட்டாரு."

வேன் நிற்கும் இடத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் பின்னால் கேட்டது. அண்ணன் பேச்சை விடவில்லை.

"அப்பறம் எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சேன். நான் எந்திரிக்கப் போனேன். கையப் புடிச்சுக்கிட்டாரு. 'ஒங் கடுதாசியும் எம் பையிலதான்டா வந்துச்சு'ன்னாரு."

"நீ என்னண்ணே சொன்ன?"

"தெரியும்ப்பான்னேன். அவ்வளவுதான். கைய விடவே இல்ல சரோ. நானும் எடுக்கல. அங்கயே ஒக்காந்திருந்தோம்."